ஆர்எக்ஸ் 100-ஐ அரசு தடை பண்ணுச்சா? நின்றுபோன பைக்கை இப்போ வாங்கலாமா? - முழு விளக்கம்

"94 மாடல் ஆர்எக்ஸ் 100. ஒரே கிக். எஃப்.சி. இருக்கு. விலை நேரில்."

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் பைக் பிரியர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் இருப்பவர்களுக்கு இந்த மாதிரி மெசேஜ் புதுசில்லை. போட்டோவில் பளபளன்னு டேங்க், க்ரோம் மின்னும் மட்கார்டு. போன் போட்டுக் கேட்டால் லட்சத்துக்கு மேல் ஒரு விலை. செல்ஃப் ஸ்டார்ட் கிடையாது, டிஸ்க் பிரேக் கிடையாது, வயசு முப்பதைத் தாண்டியாச்சு. அதே பணத்துக்கு ஷோரூமில் புது பைக்கே கிடைக்கும். ஆனாலும் நாலு பேர் போட்டி போட்டு அட்வான்ஸ் கொடுக்க நிற்பாங்க.

நின்றுபோன ஒரு பைக்குக்கு இந்த மவுசு ஏன்? அது ஏன் நின்றது? அட்வான்ஸ் கொடுக்கும் முன் எதைப் பார்க்கணும்? கடைசிக் கேள்விக்கான பதில், பெரும்பாலானவர்கள் நினைப்பது போல இன்ஜினில் இல்லை. அது ஆர்.சி. புத்தகத்தில் இருக்கு.

'போலீஸால் பிடிக்க முடியலை, அதான் தடை'

டீக்கடையில் ஆர்எக்ஸ் 100 பேச்சு எடுத்தாலே இந்தக் கதை வந்துவிடும். செயின் பறிப்பு திருடர்கள் இந்த வண்டியில் பறந்தார்களாம், போலீஸ் ஜீப்பால் துரத்த முடியலையாம், அதனால் அரசே தடை போட்டுவிட்டதாம். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா, ஆர்எக்ஸ் 100 என்று பெயர் சொல்லி அதைத் தடை செய்த சட்டமோ அரசாணையோ கிடையாது.

இதற்கு ஒரு எளிய ஆதாரம் இருக்கு. எஸ்கார்ட்ஸ் நிறுவனத்துடன் சேர்ந்து யமஹா 1985 நவம்பரில் இந்தியாவில் இறக்கிய ஆர்எக்ஸ் 100-இன் உற்பத்தி 1996-ல் நின்றது. ஆனால் அதன் தம்பியான ஆர்எக்ஸ் 135, அதே டூ ஸ்ட்ரோக் குடும்பம், அதைவிடப் பெரிய இன்ஜின், 2005 வரை விற்பனையில் இருந்தது. வேகத்தைப் பார்த்து பயந்து தடை போட்டிருந்தால் தம்பியை எப்படி விட்டு வைத்திருப்பாங்க?

வேகம் இருந்தது உண்மைதான். 98 சிசி இன்ஜினில் 11 குதிரைத்திறன், வண்டியின் எடை சுமார் 103 கிலோ. அதே அளவு இன்ஜின் கொண்ட அன்றைய ஃபோர் ஸ்ட்ரோக் பைக்குகள் ஏழு, ஏழரை குதிரைத்திறனில் ஓடிக்கொண்டிருந்தன. ஆக்ஸிலேட்டரைத் திருகினால் முன்சக்கரம் தூக்கும் என்று பெரியவர்கள் சொல்வது வெறும் பீலா இல்லை.

அப்போ உண்மையில் ஏன் நின்றது?

அந்த வேகத்தைக் கொடுத்த அதே விஷயம்தான் காரணம்: டூ ஸ்ட்ரோக் இன்ஜின்.

இன்றைக்கு நாம் ஓட்டும் ஃபோர் ஸ்ட்ரோக் பைக்கில், இன்ஜின் இரண்டு சுற்று சுற்றினால் ஒரு முறைதான் பெட்ரோல் எரியும். டூ ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு சுற்றுக்கும் எரியும். சின்ன இன்ஜினில் பெரிய இழுவை வரும் ரகசியம் இதுதான். ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. எரிந்த புகை வெளியே போவதும், புது பெட்ரோல் கலவை உள்ளே வருவதும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் நடக்கும். வீட்டுக்குள் வந்த விருந்தாளி முன்வாசலில் நுழைந்து, உட்காராமலே பின்வாசல் வழியாகப் போவது மாதிரி, கொஞ்சம் பெட்ரோல் எரியாமலே சைலன்சர் வழியாக வெளியேறிவிடும். கூடவே, இன்ஜினுக்குள் உராய்வைக் குறைக்க ஊற்றும் டூ டி ஆயிலும் பெட்ரோலோடு சேர்ந்து எரியும். அந்த நீலப் புகையும் வாசனையும் அதிலிருந்து வருவதுதான். ரசிகர்களுக்கு அது மலரும் நினைவு. காற்றுக்கு அது ஹைட்ரோகார்பன்.

இந்தியாவில் பெட்ரோல் வண்டிகளுக்கான புகை வரம்பு முதலில் வந்தது 1991-ல். 1996 ஏப்ரலில் அதை இறுக்கினார்கள். ஒரு இருசக்கர வாகனம் ஒரு கிலோமீட்டர் ஓடினால் வெளியிடும் கார்பன் மோனாக்சைடு 4.5 கிராமுக்குள் இருக்கணும் என்றது விதி. 2000-ல் அது ஒரே அடியாக 2 கிராமாகக் குறைந்தது. 2005-ல் 1.5, 2010-ல் 1 கிராம். ஒவ்வொரு படியிலும் டூ ஸ்ட்ரோக் இன்ஜினைத் தேற்றி எடுக்க, சைலன்சரில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் வைப்பது போன்ற செலவு கூடிக்கொண்டே போனது.

ஆனால் பழி முழுவதையும் புகை விதி மேல் போடுவது சரியில்லை. ஆர்எக்ஸ் வந்த அதே 1985-ல் ஹீரோ ஹோண்டாவின் சிடி 100 வந்தது. பெட்ரோல் போடு, மூடு, மறந்துடு என்ற அர்த்தத்தில் விளம்பரம் செய்து வீடு வீடாக நுழைந்த வண்டி. 1994-ல் ஸ்பிளெண்டர் சேர்ந்துகொண்டது. ஆர்எக்ஸ் லிட்டருக்கு நாற்பதை ஒட்டிக் கொடுத்தால், இவை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஓடின. டூ டி ஆயில் செலவும் கிடையாது. மாசச் சம்பளக்காரர் எதை வாங்குவார்? என் கணிப்பில் ஆர்எக்ஸை முதலில் தோற்கடித்தது பெட்ரோல் பங்க் பில். விதி பின்னால் வந்து கதவைச் சாத்தியது.

இது யமஹாவுக்கு மட்டும் நடந்ததும் இல்லை. நம்ம ஓசூரில் 1984-ல் இண்ட்-சுசுகி ஏஎக்ஸ் 100-இல் தொடங்கி, பின்னாடி மேக்ஸ் 100, சாமுராய், ஷோகன் என்று டிவிஎஸ்-சுசுகி வரிசையாக டூ ஸ்ட்ரோக் பைக்குகள் செய்தது. 2001-ல் டிவிஎஸ்ஸும் சுசுகியும் பிரிந்தன. அதே ஆண்டு ஃபோர் ஸ்ட்ரோக் விக்டரோடு டிவிஎஸ் தனிக்குடித்தனம் போனது. அதே 2001-ல் எஸ்கார்ட்ஸிடம் மிச்சமிருந்த பங்கையும் வாங்கி யமஹா தனி நிறுவனமானது. கூட்டாளி மாறினால் தொழிற்சாலையில் எந்த மாடல் ஓடணும் என்ற முடிவும் மாறும். டூ ஸ்ட்ரோக்கில் கடைசி வரை தாக்குப்பிடித்தது யார் தெரியுமா? வாழைத்தாரும் பால்கேனும் சுமந்த டிவிஎஸ் எக்ஸ்எல் சூப்பர். அதற்கும் 2015-ல் எக்ஸ்எல் 100 என்று ஃபோர் ஸ்ட்ரோக் வாரிசு வந்துவிட்டது.

இன்னைக்கும் இதே கதைதான்

2017 மார்ச் கடைசி இரண்டு நாள் நினைவிருக்கா? பிஎஸ்-3 வண்டிகளை ஏப்ரல் 1 முதல் விற்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் மார்ச் 29-ம் தேதி உத்தரவிட்டது. ஷோரூம்களில் திருவிழாக் கூட்டம், ஆயிரக்கணக்கில் தள்ளுபடி. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்தபோது சென்னைக்காரரான ராயல் என்ஃபீல்டு தன் 500 சிசி வண்டிகளை மொத்தமாக நிறுத்தியது. இன்ஜினை மாற்றியமைக்க ஆகும் செலவை, விற்கப்போகும் எண்ணிக்கை தாங்காது என்றால் அந்த மாடலுக்கு டாட்டா. நிறுவனத்தின் கணக்கு அவ்வளவுதான்.

புகை மட்டும் இல்லை. 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட எல்லா புது பைக்குக்கும் ஏபிஎஸ் கட்டாயம், அதற்குக் கீழே சிபிஎஸ் கட்டாயம். டிரம் பிரேக் ஆர்எக்ஸை அப்படியே இன்று தொழிற்சாலையில் செய்ய முடியாது என்பதற்கு இது இன்னொரு காரணம்.

சரி, பழசை ஓட்டினால் குற்றமா?

இல்லை. விற்பனை விதி வேறு, ஓட்டும் விதி வேறு. புகைப் பரிசோதனையில்கூட உங்கள் வண்டியை அது பிறந்த காலத்து அளவுகோலில்தான் பார்ப்பார்கள். 2000 மார்ச் 31-க்கு முன் தயாரான டூ ஸ்ட்ரோக் வண்டிக்கு, நிற்கும்போது வரும் புகையில் கார்பன் மோனாக்சைடு 4.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் 9,000 பிபிஎம் வரை அனுமதி. நல்ல நிலையில் இருக்கும் ஆர்எக்ஸ் இதில் தேறிவிடும்.

சிக்கல் பதிவுச் சான்றில் ஆரம்பிக்கிறது. நம்ம ஊரில் 'எஃப்.சி. இருக்கு' என்று சொல்வது இதைத்தான்.

மோட்டார் வாகனச் சட்டப்படி சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 ஆண்டுக்குத்தான் செல்லும். அப்புறம் ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கணும். இப்போ அந்த 94 மாடலுக்குக் கணக்குப் போடுங்க. 2009-ல் முதல் புதுப்பித்தல். பிறகு 2014, 2019, 2024. அதாவது நாலு முறை யாரோ ஒருவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போய்க் காட்டியிருக்கணும். கடைசி பேப்பர் 2029 வரை இருக்கணும். இடையில் ஒரு முறை விட்டுப்போயிருந்தால்கூட அந்த வண்டி அதுவரைக்கும் சாலையில் ஓடத் தகுதி இல்லாததுதான். பதிவு காலாவதியான வண்டியை ஓட்டிப் பிடிபட்டால் முதல் தடவைக்கே 5,000 ரூபாய் வரை அபராதம் போட சட்டத்தில் இடம் இருக்கு.

புதுப்பிக்கும் கட்டணமும் ஏறியாச்சு. இருசக்கர வாகனத்துக்கு 300 ரூபாயாக இருந்தது 2022 ஏப்ரலில் 1,000 ஆனது. 2025 ஆகஸ்ட் அறிவிப்பின்படி 20 ஆண்டைத் தாண்டிய பைக் என்றால் 2,000 ரூபாய். எந்த ஆர்எக்ஸ் 100-உம் இதில் தப்பாது. தாமதித்தால் மாதத்துக்கு 300 ரூபாய் கூடுதல் என்று 2022-இல் நடைமுறைக்கு வந்த மத்திய விதி சொல்கிறது. இதற்கு மேல் மாநில பசுமை வரி தனி. அதனால் 'எஃப்.சி. மட்டும் போட்டுக்கணும், சின்ன வேலைதான்' என்று விற்பவர் சொன்னால், எவ்வளவு நிலுவை நிற்கிறது என்று அலுவலகத்தில் கேட்ட பிறகு விலை பேசுங்க.

ஆர்.சி.யில் எதையெல்லாம் பார்க்கணும்?

முதலில் பரிவாகன் தளத்திலோ எம்-பரிவாகன் செயலியிலோ வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்க. பதிவு செல்லுமா, எந்தத் தேதி வரை, இன்சூரன்ஸ் இருக்கா, அபராதம் நிற்கிறதா என்பது தெரியும். பழைய வண்டிகளில் சிலது அதில் வரவே வராது. பழைய பேரேட்டில் இருந்து கணினிக்கு ஏறாத வண்டிகள் அவை. 'அதெல்லாம் ஏத்திக்கலாம்' என்று விற்பவர் சொன்னால், ஏற்றிக் கொடுத்துவிட்டே பணம் வாங்கட்டும்.

அடுத்து ஃபைனான்ஸ். 90-களில் தவணைக்கு எடுத்த வண்டி நிறைய. கடன் எப்பவோ முடிந்திருக்கும், ஆனா ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் கம்பெனியின் பெயர் அப்படியே நிற்கும். அதை நீக்க அந்த நிறுவனம் கையெழுத்துப் போட்ட படிவம் 35 வேணும். நிறுவனமே இழுத்து மூடிப் போயிருந்தால் யாரிடம் கையெழுத்து வாங்குவீங்க?

மூன்றாவது, சேசிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும். ஹேண்டில் பக்கம் ஃபிரேமில் அடித்திருக்கும் எண்ணைத் துணியால் துடைத்து, டார்ச் அடித்து, புத்தகத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்க. எழுத்து வளைந்து நெளிந்து இருந்தாலோ, அந்த இடத்தில் மட்டும் பெயின்ட் தடிமனாக இருந்தாலோ, கிரைண்டர் தடம் தெரிந்தாலோ அந்த இடத்திலேயே எழுந்து வந்துடுங்க. விலை ஏறிய எந்தப் பொருளுக்கும் போலி வரும். ஆர்எக்ஸ் 135-க்கு 100-இன் டேங்க்கையும் பேனலையும் மாட்டி 100 என்று விற்பது ஒரு ரகம். புத்தகம் ஒரு வண்டியுடையது, உடம்பு இன்னொரு வண்டியுடையது என்பது அதைவிட ஆபத்தான ரகம். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கி வைத்திருந்தால் பாரதிய நியாய சன்ஹிதா 317-வது பிரிவின் கீழ் நீங்களும் குற்றவாளி. திருடு போனதாகப் பதிவான வண்டியா என்பதை தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 'வாகன் சமன்வய்' வழியாகப் பார்க்கலாம். சில நிமிட வேலை.

புதுச்சேரி, கர்நாடகா, டெல்லி பதிவு என்றால் படிவம் 28, அதாவது அங்கிருந்து தடையில்லாச் சான்று இல்லாமல் தொடாதீங்க. இங்கே வந்து வரியும் கட்டணும். அதையும் விலையில் சேர்த்துப் பாருங்க.

செட்டிநாட்டுக்கே உரிய ஒரு சிக்கல்

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போனால் பழைய தேக்குத் தூண், எனாமல் தூக்கு, கண்ணாடிச் சட்டம் எல்லாம் கிடைக்கும். இது எந்த வீட்டுப் பொருள் என்று யாரும் பத்திரம் கேட்பதில்லை. கேட்கும் விலை கட்டுப்படியானால் தூக்கிக்கொண்டு வரலாம். பழைய பொருள் வியாபாரம் ஊறிப்போன ஊரில், பழைய வண்டியையும் அதே கண்ணோடு பார்க்கும் பழக்கம் வந்துவிடுகிறது. ஆனால் தூணுக்கு உரிமையாளர் பெயர் எழுதிய புத்தகம் இல்லை. வண்டிக்கு இருக்கு.

பூட்டிக் கிடக்கும் பெரிய வீட்டின் வளவில் ஐயா ஓட்டிய வண்டி ஒன்று சாக்குப் போர்த்தி நிற்கும். ஐயா காலமாகி வருஷம் ஆச்சு. பிள்ளைகள் சென்னையில், சிங்கப்பூரில். வீட்டைப் பார்த்துக்கொள்பவரோ, ஊரில் இருக்கும் ஒரு பங்காளியோ வண்டியை விலை பேசுவார். 'ஒரே ஓனர், வண்டி வெளியவே போகலை.' இரண்டுமே உண்மையாக இருக்கலாம். ஆனா இறந்தவர் பெயரில் இருக்கும் வண்டியை விற்க, முதலில் அது வாரிசு பெயருக்கு மாறணும். விதிப்படி உரிமையாளர் இறந்த 30 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தகவல் கொடுக்கணும், மூன்று மாதத்துக்குள் படிவம் 31-இல் விண்ணப்பிக்கணும். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதம் எல்லாம் கேட்பார்கள். ஒரு வீட்டுக்கு இருபது புள்ளி பங்கு இருக்கும் ஊரில், ஒரு பைக்குக்கு நாலு கையெழுத்து வாங்குவது எவ்வளவு பாடு என்பது உள்ளூர்க்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வண்டியை விற்பவர் அந்த வேலையை முடித்துவிட்டு வரட்டும். (இப்போ வண்டி வைத்திருக்கும் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை: 2021 முதல் ஆர்.சி.யில் வாரிசுதாரர் பெயரை நாமினியாகச் சேர்க்கலாம்.)

விற்கிறவரும் கவனிக்கணும்

'படிவம் 29, 30-இல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டேன், என் வேலை முடிஞ்சது' என்று நினைக்கும் அப்பாக்கள் இதைப் படிக்கணும். 2018 பிப்ரவரி 6-ம் தேதி நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. கார் ஒன்று கைமாறிக் கைமாறிப் போகிறது. பதிவேட்டில் மட்டும் முதல் ஆளின் பெயரே இருக்கிறது. விபத்து நடக்கிறது. இழப்பீடு யார் கொடுப்பது? பதிவேட்டில் பெயர் இருப்பவர்தான் உரிமையாளர், அவரே பொறுப்பு என்றது நீதிமன்றம். பைக்குக்கும் சட்டம் ஒன்றுதான். நாலு கை மாறிய உங்கள் பழைய ஆர்எக்ஸ் எங்கேயோ ஒருவரை இடித்தால், இன்சூரன்ஸ் இல்லை என்றால், நோட்டீஸ் உங்கள் வீட்டுக்கு வரும். விற்ற 14 நாளுக்குள் அலுவலகத்துக்குத் தெரியப்படுத்துவது விற்றவரின் கடமை. 30 நாளுக்குள் பெயர் மாற்றிக்கொள்வது வாங்கியவரின் கடமை.

பழைய வண்டி டீலரிடம் வாங்கினால், விற்கவிருக்கும் வண்டிகளைக் கையில் வைத்திருக்க அவருக்குப் பதிவு அலுவலகத்தின் அங்கீகாரச் சான்று இருக்கா என்று கேளுங்க. 2023 ஏப்ரல் முதல் அந்த விதி நடைமுறையில் இருக்கு.

இப்போ இன்ஜினுக்கு வரலாம்

நீங்க போகும்போது இன்ஜின் ஏற்கெனவே சூடாக இருந்தால், ஆற விட்டுத்தான் கிக் அடிக்கச் சொல்லணும். குளிர்ந்த இன்ஜின் பொய் சொல்லாது. ஸ்டார்ட் ஆனதும் கொஞ்சம் நீலப் புகை வருவது இயல்பு. சூடான பிறகும் வெள்ளைப் புகை கொட்டிக்கொண்டே இருந்தால், கிராங்க் பக்கத்து ஆயில் சீல் போய், கியர் ஆயில் உள்ளே இழுத்து எரிகிறது என்று சந்தேகிக்கலாம்.

'எத்தனை போர் ஆயிருக்கு?' என்பது கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி. சிலிண்டரின் உள்விட்டம் ஆரம்பத்தில் 50 மில்லிமீட்டர். தேய்ந்தால் கால் மில்லிமீட்டராகக் கடைந்து, அடுத்த சைஸ் பிஸ்டன் போடுவாங்க. கடைசி சைஸுக்கு வந்துவிட்ட சிலிண்டர் என்றால் அடுத்த தடவை செலவு பெரிசு. டூ டி ஆயிலைத் தானாகக் கலக்கும் ஆட்டோலூப் பம்ப் வேலை செய்கிறதா என்றும் பாருங்க. பல வண்டிகளில் அதைக் கழற்றிவிட்டு டேங்க்கிலேயே ஆயில் கலந்து ஓட்டுவாங்க. தெரியாமல் வெறும் பெட்ரோலை ஊற்றி ஓட்டினால் பிஸ்டன் ஜாம் ஆகிவிடும்.

சைலன்சரை மாற்றி, போர்ட்டைக் குடைந்து, அலறவிடும் வண்டி என்றால் யோசிங்க. அனுமதி இல்லாமல் வண்டியின் அமைப்பை மாற்றினால், உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்று சட்டத்தில் இருக்கு. அலறவைத்தவர் விற்றுவிட்டுப் போய்விடுவார்.

மற்றபடி இன்ஜின் கெட்டிருந்தால் பயப்பட வேண்டாம். மதுரையிலும் திருச்சியிலும் தேடினால் பாகம் கிடைக்கும், கைதேர்ந்த மெக்கானிக்கும் கிடைப்பார். அந்த வகையில் ஆர்எக்ஸ் கொடுத்து வைத்த வண்டி. அதே காலத்துச் சில மாடல்களுக்கு ஒரு சைடு பேனலுக்கே மாசக்கணக்கில் அலையணும். ஆனா எந்த மெக்கானிக்காலும் சேசிஸ் நம்பரையோ செத்துப்போன பதிவையோ ரிப்பேர் செய்ய முடியாது. அதனால்தான் வரிசையில் இன்ஜினைக் கடைசியில் வைத்தோம்.

பணம் கொடுக்கும்போது

மொத்தத்தையும் கையில் கொடுக்காதீங்க. பெயர் மாற்றம் முடிந்து பரிவாகனில் உங்கள் பெயர் வரும் வரை ஒரு பகுதியை நிறுத்தி வைப்பதாக எழுதி, இருவரும் கையெழுத்துப் போடுங்க. தெரிந்தவர், சொந்தக்காரர் என்றாலும்தான்.

மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் கட்டாயம். 75 முதல் 150 சிசி வரையிலான பைக்குக்கு 2022-ல் நிர்ணயித்த அடிப்படை பிரீமியம் ஆண்டுக்கு 714 ரூபாய், வரி தனி. ஆனா ஒன்று: லட்சம் கொடுத்து வாங்கிய வண்டி ராத்திரியோடு ராத்திரியாகக் காணாமல் போனால் இந்த பாலிசியில் ஒரு பைசா வராது. அது எதிராளிக்கு மட்டும்தான். சொந்தச் சேதத்துக்கும் திருட்டுக்கும் சேர்த்து பாலிசி கேட்டால், இவ்வளவு பழைய வண்டிக்கு என்ன மதிப்பு என்பதை நிறுவனத்தோடு பேசித்தான் முடிவு செய்யணும். நீங்க கொடுத்த விலையை அவங்க ஒப்புக்கொள்வது கஷ்டம்.

ஆர்எக்ஸ் திரும்ப வருமா?

அந்தப் பெயரைத் திரும்பக் கொண்டுவரும் எண்ணம் இருப்பதாக 2022-ல் யமஹா இந்தியாவின் அப்போதைய தலைவர் எய்ஷின் சிஹானா சொன்னார். கூடவே, பழைய டூ ஸ்ட்ரோக் இன்ஜினோடு அது வர முடியாது என்பதையும் சொல்லிவிட்டார்.

'வின்டேஜ்' என்று பதிவு செய்தால் புதுப்பிக்கும் தொல்லை குறையுமே என்று சிலர் கேட்கிறார்கள். 2021-ல் வந்த விதிப்படி வின்டேஜ் என்றால் முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு ஆகியிருக்கணும். கட்டணம் 20,000 ரூபாய், பதிவு 10 ஆண்டு செல்லும். ஆனால் அந்த வண்டியை தினசரி ஓட்ட முடியாது, கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும்தான் எடுக்கலாம். 1985 நவம்பரில் வந்த முதல் ஆர்எக்ஸ் 100-க்கே அந்தத் தகுதி 2035 கடைசியில்தான் வரும். வாட்ஸ்அப்பில் வந்த அந்த 94 மாடலுக்கு, 2044-ல்.